பார்த்து எழுதிய மதிப்பெண்ணை நம்பிப் பாடப்பிரிவு எடுக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் வகுப்புத் தேர்வுகளில் பக்கத்துப் பையனைப் பார்த்தும், சில நேரம் பிட் வைத்தும் எழுதுவது உங்களுக்குத் தெரியவந்திருக்கிறது. கணக்கில் 82, அறிவியலில் 85 என்று மார்க் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. "எல்லோரும்தான் செய்கிறார்கள், இந்த மார்க் இருந்தால்தான் அறிவியல் பிரிவு கிடைக்கும், கிடைத்த பிறகு ஒழுங்காகப் படித்துக்கொள்வான், இப்போது எதையும் கிளறாதே" என்கிறார் உங்கள் கணவர். கண்டிப்பதா, பொதுத்தேர்வு முடியும்வரை கண்டும் காணாமல் இருந்துவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்டும் காணாமல் இருக்காதீர்கள். அது தவறு என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மனம் உறுத்தியதால்தான் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் தேர்ந்தெடுக்க வழிசொல்பவன் என்ற முறையில், இதில் என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

ஆலோசனைக்கு வரும் பிள்ளையிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது மதிப்பெண் பட்டியலைத்தான். மொத்தம் எவ்வளவு என்பதைவிட, எந்தப் பாடம் தானாக வருகிறது, எதில் திணறுகிறான், போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் எங்கே சரிந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். பார்த்து எழுதும் பிள்ளையின் பட்டியலில் இதில் ஒன்றுமே தெரியாது. அங்கே இருப்பது பக்கத்து இருக்கைப் பையனின் திறமை. அதை வைத்து உங்கள் மகனுக்குப் பாடப்பிரிவு சொல்வது, யாருடைய ரத்தப் பரிசோதனை அறிக்கையையோ பார்த்து இவனுக்கு மருந்து எழுதுவதற்குச் சமம். நான் மட்டுமல்ல, வகுப்பாசிரியர், நீங்கள், நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி என எல்லோரும் அந்தப் பொய்க் கணக்கை நம்பித்தான் அவனுடைய வாழ்க்கையை முடிவு செய்யப்போகிறோம்.

"பிரிவு கிடைத்த பிறகு படித்துக்கொள்வான்" என்பது நடக்குமா? பதினொன்றாம் வகுப்பின் இயற்பியலும் கணக்கும், பத்தாம் வகுப்பு இயற்கணிதமும் முக்கோணவியலும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் முதல் நாளே தொடங்கும். வேதியியலில் பொருளின் அளவைக் கணக்கிடும் மோல் கணக்கு போட விகிதம் புரிந்திருக்க வேண்டும். பின்னத்தில் தடுமாறுபவனுக்கு விகிதம் வராது, விகிதம் வராதவனுக்கு மோல் வராது. வகுப்பு அவனுக்காக நிற்காது. ஒரு மாதத்தில் கரும்பலகையில் இருப்பது வேற்றுமொழி போலத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது அவனுக்கு முன்னால் இருக்கும் வழி ஒன்றுதான்: மறுபடியும் பார்த்து எழுதுவது. கல்லூரியில் அரியர் மேல் அரியர் வைத்துக்கொண்டு இரண்டாம் ஆண்டில் என்னிடம் வரும் பிள்ளைகள் பலரோடு பேசிப் பின்னோக்கிப் போனால், கடைசியில் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ வந்து நிற்போம். அங்கே புரியாமல் போன ஏதோ ஒன்றை அன்றைக்கே யாரும் கவனிக்கவில்லை. மார்க் நன்றாக இருந்ததால் கவனிக்கத் தோன்றவில்லை.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பொதுப்பள்ளிகளில் நடந்ததைப் பாருங்கள். அங்கே முறைகேடு செய்தது மாணவர்கள் அல்ல. பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்ற, ஆசிரியர்களே பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியான விடைகளைக் குறித்தார்கள். 2011இல் வெளிவந்த மாநில அரசின் விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் இதில் பங்கிருந்ததாகச் சொன்னது. 2015இல் 11 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னால் அதையும் தேடிப் பார்த்தார்கள். விடை திருத்தப்பட்ட பிள்ளைகள் அடுத்தடுத்த ஆண்டுகளில், குறிப்பாக வாசிப்பில், பின்தங்கியது தெரிந்தது. உண்மையான மார்க் வந்திருந்தால் "இந்தக் குழந்தைக்கு வாசிக்க வரவில்லை, தனியாகச் சொல்லிக்கொடுங்கள்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது, உதவி வரவில்லை. எனக்கு இந்தச் சம்பவத்தில் மனம் வலிப்பது இந்த இடத்தில்தான். அந்தக் குழந்தைகள் ஒரு தவறும் செய்யவில்லை, யாரிடமும் மார்க் கேட்கவும் இல்லை.

தேர்வு அறிவை அளப்பதற்கு மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். அது கற்றுக்கொடுக்கவும் செய்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பகுதியை ஒரு குழுவினர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழுவினர் படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களிடம்தான் பாடம் அதிகம் தங்கியிருந்தது. மூளையைக் கசக்கி, "எங்கே படித்தோம்" என்று தேடும் அந்தச் சில நிமிடங்களில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது. உங்கள் மகன் தேர்வறையில் தலையைத் திருப்பும்போது இழப்பது அந்த நிமிடங்களை. வீட்டுப்பாடத்துக்கும் ப்ராஜெக்டுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விடை வாங்கி அப்படியே எழுதிக்கொடுக்கும் பிள்ளைக்கும் இதே இழப்புதான். அங்கே பிடிபடும் பயம் குறைவு, அவ்வளவே வித்தியாசம்.

இன்னொன்றும் உண்டு. 82 தன்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரியும். நீங்கள் பாராட்டும்போதும் தெரியும், உறவினர் மெச்சும்போதும் தெரியும். இப்படி இரண்டு மூன்று வருடம் போனால், தன்னால் எது முடியும், எது முடியாது என்பதே பிள்ளைக்குப் பிடிபடாமல் போய்விடுகிறது. நேர்காணலில் "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்ற சாதாரணக் கேள்விக்கு வியர்த்துப்போகும் பட்டதாரிகளை நான் பார்க்கிறேன். விடை தெரியாதது அவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை, அதைக் கற்றுக்கொள்ளலாம். தனியாக உட்கார்ந்து ஒரு கேள்வியை எதிர்கொண்ட பழக்கமே இல்லாததுதான் சிக்கல். பத்தாம் வகுப்பில் 55 வாங்கி, அந்த 55ம் தன்னுடையது என்று தெரிந்த பிள்ளைக்கு வழிசொல்வது எனக்கு எளிது. அவனுக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

உங்கள் கணவரின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. "எல்லோரும் செய்கிறார்கள், நம் பிள்ளை மட்டும் நேர்மையாக இருந்து ஏன் இடத்தை இழக்க வேண்டும்" என்பது அர்த்தமில்லாத பயம் அல்ல. அவரைக் குற்றம் சொல்லாமல் இதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். எல்லோரும் செய்தால் மார்க்குக்கு மதிப்பு போய்விடும். மதிப்பு போன மார்க்கை வைத்துக்கொண்டு கல்லூரியும் நிறுவனமும் என்ன செய்யும்? இன்னொரு நுழைவுத்தேர்வு வைக்கும், அதற்கு மேல் இன்னொரு வடிகட்டல். அந்தச் சுமை முழுவதும் அடுத்து வரும் பிள்ளைகளின் தலையில்தான் விழும். பணம் இருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பயிற்சி வாங்கிக்கொள்வார்கள். மார்க்கைத் தவிரக் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

பொதுவான எழுத்துத்தேர்வு என்ற ஏற்பாடு அந்தப் பிள்ளைக்குப் பெரிய வரம். பிரிட்டனில் 1854இல் நார்த்கோட், ட்ரெவெல்யன் என்ற இருவர் அரசுப் பணி முறையை ஆராய்ந்து கொடுத்த அறிக்கைக்கு முன்னால், அரசு வேலை கிடைக்கப் பெரிய மனிதர்களின் சிபாரிசு வேண்டியிருந்தது. அந்த அறிக்கைதான் திறந்த போட்டித்தேர்வு வையுங்கள் என்று சொன்னது. எந்த நாட்டிலும் தேர்வின் மீது நம்பிக்கை போனால், அந்த இடத்துக்குத் திரும்ப வருவது சிபாரிசும் பணமும்தான். இன்று பிட் எடுத்துப் போகும் பையனுக்குத் தெரியாது, நாளை தன் பிள்ளைக்கு இருக்கக்கூடிய ஏணியைத்தான் உடைக்கிறோம் என்று.

அடுத்த தலைமுறைக்குப் போகும் இன்னொரு வழி இதைவிட நேரடியானது. பார்த்து எழுதித் தேறுபவர்களில் சிலர் ஆசிரியர் ஆவார்கள். பின்னம் ஏன் அப்படி வகுபடுகிறது என்று தனக்கே தெரியாத ஆசிரியர், "இப்படித்தான் போடணும், கேள்வி கேக்காதே" என்பார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்குப் புரியாது. புரியாத குழந்தைகள் பார்த்து எழுதுவார்கள். வீட்டுக்குள்ளும் இதேதான். அண்ணன் எப்படி மார்க் வாங்கினான், அதற்கு அம்மா அப்பா என்ன சொன்னார்கள் என்று அவனுடைய தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் அவனோடு தனியாகப் பேசுங்கள். "எனக்குத் தெரியும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள், துப்பறியும் வேலை வேண்டாம். திட்டவும் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் சோம்பலால் இதில் இறங்குவதில்லை. ஏதோ ஒரு இடத்தில் பாடம் விட்டுப்போகிறது, கேட்க வெட்கம், மார்க் குறைந்தால் வீட்டில் என்ன நடக்குமோ என்ற பயம். அந்தப் பயத்தில் உங்கள் வீட்டுக்கும் பங்கிருந்தால் அதை நீங்கள் இருவரும் ஒப்புக்கொள்வது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். "அடுத்த தேர்வில் மார்க் குறையும், அது எங்களுக்குச் சம்மதம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் கணவர் வாயால் அது வந்தால் இன்னும் நல்லது.

பிறகு ஒரு விடுமுறை நாளில் கடைசியாக நடந்த கணக்குத் தேர்வின் வினாத்தாளைக் கொடுத்து, புத்தகமும் கைப்பேசியும் இல்லாமல், அதே நேரத்துக்குள் எழுதச் சொல்லுங்கள். மார்க் போடாதீர்கள். தொட்டவை, பாதியில் நின்றவை, தொடாதவை என்று மட்டும் பிரியுங்கள். பாதியில் நின்றவைதான் நமக்கு வேண்டியவை. அந்த வரியில் என்ன தெரியாமல் நின்றான் என்று பார்த்தால், அநேகமாக இரண்டு மூன்று பழைய பாடங்களில் போய் முடியும். குறை எண்களைக் கூட்டுவது கழிப்பது, பின்னம், காரணிப்படுத்துதல் போன்றவையே அடிக்கடி வருபவை. அவற்றைக் கீழ்வகுப்புப் புத்தகத்திலிருந்தே எடுத்துப் படிக்கட்டும். தினமும் அரைமணி போதும், ஆனால் தினமும் நடக்க வேண்டும். கூச்சப்பட்டால் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டும்.

வகுப்பாசிரியரையும் பாருங்கள். முழுக்கதையும் சொல்ல வேண்டுமா என்பது நீங்களும் மகனும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. "அடிப்படை சில இடங்களில் விட்டுப்போயிருக்கிறது, தனி இருக்கையில் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள்" என்று கேட்டாலே அவர் புரிந்துகொள்வார். இதற்கிடையில் அவன் பிடிபட்டுப் பள்ளி நடவடிக்கை எடுத்தால், தெரிந்தவர்களை வைத்து அதைத் தடுக்கப் போகாதீர்கள். பள்ளி அளவில் வரும் தண்டனை சிறியது. பொதுத்தேர்வில் பிடிபட்டால் தேர்வு ரத்தாவது முதல் சில ஆண்டுகள் எழுதத் தடை வரை போகலாம்.

பாடப்பிரிவு முடிவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அவன் தனியாக எழுதிய தாள்கள் சேரும். கணக்கு 60ஐத் தொட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தால், அறிவியல் பிரிவுக்கு நானே தைரியமாகச் சொல்வேன். ஏறவில்லை, ஆனால் மொழியிலோ வணிகத்திலோ படம் வரைவதிலோ அவனுக்கு ஈடுபாடு தெரிகிறது என்றால், அந்தப் பக்கம் மரியாதையான படிப்புகளும் வேலைகளும் நிறைய இருக்கின்றன. உட்கார்ந்து பேசலாம். வரும்போது அந்தத் தாள்களை எடுத்து வாருங்கள், அடித்தல் திருத்தலோடு இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள். அவருடைய கேள்விகளுக்கும் நேரம் ஒதுக்கி வைக்கிறேன்.