பள்ளியின் முன்னாள் மாணவர் சந்திப்பில் மெல்லிசைக் கச்சேரி வைக்கலாமா, பிள்ளைகளோடு நாடகம் போடலாமா?

கேட்டவர் கடலூர்க்காரர். பள்ளியை விட்டு 25 ஆண்டுகள் ஆகின்றன, தோழர்கள் எல்லோரும் கூடப் போகிறார்கள். மெல்லிசைக் குழுவை அழைக்கலாம் என்று சிலரும், இப்போது படிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து நாடகம் போடலாம் என்று சிலரும் சொல்கிறார்களாம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

பிள்ளைகளோடு நாடகம் போடுங்கள். நான் இரண்டிலும் இருந்து பார்த்தவன்.

நானும் கடலூர்தான். அங்கே ஒரு அரசுப் பள்ளியில் படித்தேன். இப்போது வேலை, குடித்தனம் எல்லாம் புதுச்சேரியில். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று பஸ் போய், முள்ளோடையைத் தாண்டி ஆல்பேட்டைக்கு வந்துவிட்டால் எங்கள் ஊர்க் காற்று வந்துவிடும். அந்தத் தூரத்தை எத்தனையோ சாயங்காலம் ஒத்திகைக்காகவே போய் வந்திருக்கிறேன்.

முதலில் கச்சேரி கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பள்ளியை விட்டுப் பத்து ஆண்டு முடிந்தபோது பெரிதாக ஒரு சந்திப்பு வைத்தோம். வெளியூரிலிருந்து மெல்லிசைக் குழு, சால்வை, கேடயம், தலைவாழை இலைச் சாப்பாடு, எதிலும் குறை இல்லை. பள்ளிப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, வருகிறவர்களுக்குச் சந்தனமும் கற்கண்டும் கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளும் ஒரு நடனம் தயார் செய்திருந்தார்கள், இரண்டு வாரப் பயிற்சி. பேச்சு நீண்டது, பாட்டு நீண்டது, சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "அண்ணா, எங்க டான்ஸ் எப்ப?" என்று கேட்டாள். நான் போய் மேடையில் இருந்தவர்களிடம் சொன்னேன். "சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றார்கள். சாப்பிட்டதும் கூட்டம் கலைந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் காலில் கட்டிய சலங்கையோடே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரிமாறிக்கொண்டு போகும்போது அந்தச் சத்தம் கேட்டது. இன்றைக்கும் எனக்கு அந்தச் சந்திப்பு என்றால் அந்தச் சத்தம்தான்.

அடுத்த கதை தானே புயலில் தொடங்குகிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் பள்ளியில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாய்ந்து சைக்கிள் கொட்டகை மேலேயே விழுந்திருந்தது. அதை வெட்டி அப்புறப்படுத்த நாங்கள் ஏழு பேர் போனோம். வேலை முடிந்து கை கழுவும்போது தமிழ் ஐயா பக்கத்தில் வந்து நின்றார். "ஆண்டு விழா இந்த வருஷம் கிடையாதுன்னு பிள்ளைங்களே முடிவு பண்ணிட்டாங்கப்பா. நீங்க சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்தீங்கன்னா ஒரு நாடகமாவது போட்டுறலாம்" என்றார்.

கரண்ட் இல்லை. அதனால் மைக் இல்லை, விளக்கு இல்லை, ஓடவிட்டு ஆட ஒரு பாட்டும் இல்லை. பகல் மூன்று மணிக்கு, திறந்த வெளியில், வெறும் குரலில்தான் நாடகம். அப்போது ஐயாவுக்குத் தோன்றியது கூத்து. பழைய தென்னார்க்காட்டுப் பிள்ளைகளுக்குக் கூத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் தூங்கி விழுந்துகொண்டே விடிய விடியப் பார்த்தவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். கூத்தில் மேடைத் திரை என்று தனியாக ஒன்று வேண்டாம். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டால் அதுதான் திரை. வேஷக்காரர் அதன் பின்னால் நின்று பாடி, ஆடி, பிறகு வெளிப்படுவார். நாங்கள் ஐயாவின் எட்டு முழ வேட்டியைப் பிடித்தோம்.

கதையைப் பிள்ளைகளே சொன்னார்கள். புயல் முடிந்து தங்கள் முந்திரித் தோப்புக்குத் திரும்புகிற ஒரு குடும்பம், எந்த மரம் யார் நட்டது என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் கதை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நாலு வரி வசனம் கொடுத்தால் மூன்றாவது வரியில் நின்றுவிடுவான். அவனை நீக்கிவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் பேசத் தெரியாதவன் இல்ல, மனப்பாடம் வராதவன்" என்று சொல்லி அவனைக் கட்டியங்காரனாக்கினார். கூத்தில் கட்டியங்காரன்தான் கதையைக் கொண்டு போகிறவன். வேஷக்காரர்களைக் கேள்வி கேட்பான், சபையோடு பேசுவான், அப்போதைக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்வான். எழுதி வைத்த வசனம் அவனுக்குக் கட்டாயம் இல்லை. நாடகம் நடந்த அன்று அந்தப் பையன் வெட்டிப் போட்டிருந்த தூங்குமூஞ்சி மரத்தின் மேல் ஏறி நின்று, முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த அம்மாக்களைப் பார்த்து, "உங்க வீட்டுல எத்தனை மரம் போச்சு?" என்று கேட்டான். ஒருவர் பின் ஒருவராகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். நாங்கள் ஒத்திகை பார்க்காத அந்தப் பகுதி பத்து நிமிடம் ஓடியது. வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கியது.

மைக் இல்லாததால் ஒரு நல்லது நடந்தது. பிள்ளைகளுக்குக் குரலை எறியக் கற்றுக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஐயா மைதானத்தின் கடைசியில் சுவரோரம் போய் நின்றுகொள்வார். கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குவார், வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். முதல் இரண்டு நாள் எல்லோரும் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார்கள். பிறகுதான் பிடிபட்டது. கத்துவதால் தூரத்துக்குக் கேட்பதில்லை. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் சொல்லி, மூச்சை வரி முடியும்வரை வைத்திருந்தால் கேட்கும். இன்றைக்கு மைக் இருக்கிறது. ஆனாலும் முதல் பத்து நாள் மைக் இல்லாமலே ஒத்திகை பார்க்கிறோம். மைக்கோடு பழகிய பிள்ளை வசனம் வரும்போதெல்லாம் அதன் பக்கம் நகர்ந்து போய் நிற்கும், முகம் எதிரில் இருப்பவரை விட்டுவிடும்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கூடிப் பாடும்போது கெட்டுப் போவது பெரும்பாலும் சுருதியில்தான். யாரோ ஒரு பிள்ளை தனக்கு வந்த இடத்தில் எடுத்துவிடும். மேல் வரி வரும்போது பாதிப் பேருக்கு எட்டாது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை வசதி, குரல் உடைந்த பையன்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை. பாட்டின் உச்சமான வரியை முதலில் பாடிப் பார்த்து, அது எல்லோருக்கும் எட்டுகிற சுருதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஏறுமுன் கைபேசியில் தம்பூரா ஒலியை அரை நிமிடம் கேட்க வைத்தால் போதும். பெரிய பையன்கள் கீழ் ஸ்தாயியில் சேர்ந்து பாடட்டும்.

குரல் உடைவதை மகரக்கட்டு என்கிறோமே, அந்த வயதுப் பையன்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்தது. அதுவரை எல்லா விழாவிலும் கடவுள் வாழ்த்து பாடியவன், ஒரே மாதத்தில் வாயைத் திறக்கக் கூசினேன். பாட்டு டீச்சர் என்னை வீட்டுக்கு அனுப்பாமல் ஆர்மோனியத்தின் முன் உட்கார வைத்தார். "குரல் எங்கயும் போகல தம்பி, இடம் மாறுது. அதுவரைக்கும் கை பாடட்டும்" என்றார். இன்றும் நான் ஒத்திகைக்குப் போனால் ஆர்மோனியம்தான் வாசிக்கிறேன்.

சிறுவர்களை வைத்து நாடகம் என்று பேசினால் எங்கள் பக்கம் மறக்கக்கூடாத பெயர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே ஒரு நாடக சபையைத் தொடங்கி, பாட்டும் வசனமும் நடிப்பும் சொல்லிக் கொடுத்தவர். பின்னாளில் நாடகத்தில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில் வளர்ந்தவர்கள். சுவாமிகள் 1922-இல் இறந்தது புதுச்சேரியில். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. ஒருமுறை பிள்ளைகளை வேனில் அங்கே கூட்டிப் போனோம். நாடகத்துக்கு என்று வாழ்ந்த ஒருவருக்கு நம் பக்கத்து ஊரில் நினைவிடம் இருப்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. அங்கே அவர்களாகவே எங்கள் நாடகத்தின் முதல் பாட்டைப் பாடினார்கள்.

பக்கத்து ஊர் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. உங்கள் தோழர்களில் பலர் என்னைப் போலப் புதுச்சேரியில் குடியேறியிருப்பார்கள், குழந்தைகளோடு வருவார்கள். என் மகளை முதன்முதலில் கடலூர் பள்ளி விழாவுக்குக் கூட்டிப் போனபோது தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாட்டுத் தொடங்கியதும் அவள் என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இது வேற பாட்டு" என்றாள். கடலூரில் பாடுவது மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் பாட்டு, 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் பாடப்படுவது, எம்.எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் அமைத்த மெட்டு. புதுச்சேரிப் பள்ளிகளில் பாடுவது பாரதிதாசன் எழுதியது. இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அம்மாவுக்கு இரண்டு பாட்டு! அடுத்த ஆண்டு நாங்கள் விழாவை வழக்கமான வாழ்த்தோடு தொடங்கி, நடுவில் தோழர்களின் குழந்தைகளை மேடையேற்றிப் பாரதிதாசன் பாட்டையும் பாட வைத்தோம். கடலூர்ப் பிள்ளைகள் அதையும் கற்றுக்கொண்டார்கள். பாரதிதாசன் புதுச்சேரிப் பகுதிப் பள்ளிகளில் தமிழாசிரியராக வேலை பார்த்தவர் என்று சொன்னதும் ஐயாவுக்கு ஒரே சந்தோஷம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள், அவர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளிடம் ஒன்றும் பேசாதீர்கள். இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு, அவர்கள் வழியாகப் போனால் எளிது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடக்கின்றன. அதற்குத் தயாராகிற பிள்ளைகள் எப்படியும் இருப்பார்கள். ஆனால் அவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளாதீர்கள். பரிசு வாங்காத பிள்ளைக்கும் சேர்த்து வேஷம் இருக்கிற கதையாகப் பாருங்கள்.

பணம் குறைவாகத்தான் ஆகும். மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கும் பணத்தில் பள்ளிக்கு ஒரு ஆர்மோனியமும் ஒரு டோலக்கும் வாங்கிவிடலாம், அவை அங்கேயே இருக்கும். உங்களிடம் உண்மையில் கேட்கப்படுவது நேரம். வாரம் மூன்று சாயங்காலம், ஆறு வாரம். பத்துப் பேர் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு இரண்டு நாள்கூட வராது. அப்புறம், ஒருவர் மட்டும் எல்லா நாளும் வர வேண்டும். தினம் புது அண்ணன் வந்து புது மாதிரி சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். விழாவன்று உங்கள் பேச்சு, பாராட்டு எல்லாவற்றையும் நாடகத்துக்குப் பிறகு வையுங்கள், முன்னால் வேண்டாம்.

ஒத்திகைக்குக் குறைந்தது இரண்டு அக்காக்கள் கட்டாயம் இருக்கட்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை வீட்டில் நம்பி அனுப்ப வேண்டும் அல்லவா? சுண்டலும் டீயும் வாங்கிக்கொண்டு போங்கள், மதியம் சாப்பிட்ட பிள்ளைகள் நாலரை மணிக்கு வாடிப் போயிருப்பார்கள். கிராமத்திலிருந்து வருகிறவர்களின் டவுன் பஸ் நேரத்தை முதல் நாளே ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு பஸ் 5.40-க்கு. எந்தக் காட்சி எந்த இடத்தில் இருந்தாலும் 5.25-க்கு ஆர்மோனியத்தை மூடிவிடுவேன்.