கடலடியில் எண்ணெய் தேடுவது: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

அந்தமான் கடலில் எரிவாயு இருப்பதாக 2025 செப்டம்பரில் செய்தி வந்ததிலிருந்து, கோரிமேட்டில் டீ குடிக்க நின்றால்கூட "சார், நீங்க ரிக்குல இருந்தவரு, சொல்லுங்க" என்று யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக்கில் என் வேலை, கிணற்றிலிருந்து சேற்றோடு மேலே வரும் பாறைத் துகளைப் பார்த்துக் கீழே என்ன ஓடுகிறது என்று சொல்வது. ஓய்வு பெற்றபின் கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியேறிவிட்டேன். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதுவது மேல் என்று கேள்விகளை அனுப்பச் சொன்னேன்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: அந்தமான்ல கேஸ் கிடைச்சாச்சுன்னு அமைச்சரே சொல்லிட்டாரு. இனிமே வெளிநாட்டுல வாங்கறது குறைஞ்சிருமுங்களா?

இப்போதைக்கு இல்லைங்க. அறிவிப்பில் இருந்தது என்ன என்று பார்த்தால் புரியும். ஆயில் இந்தியா நிறுவனம் அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 17 கி.மீ. தள்ளி, 295 மீட்டர் ஆழமுள்ள கடலில் ஸ்ரீ விஜயபுரம்-2 என்ற கிணற்றைத் துளைத்தது. 2,650 மீட்டர் வரை போவது திட்டம். 2,212 மீட்டரிலிருந்து 2,250 மீட்டர் வரை உள்ள அடுக்கைச் சோதித்தபோது எரிவாயு வந்து விட்டுவிட்டு எரிந்தது. மாதிரியைக் காக்கிநாடாவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில் 87% மீத்தேன்.

எங்கள் தொழிலில் இருந்தவர்கள் கண் முதலில் நிற்பது அந்த "விட்டுவிட்டு" என்ற இடத்தில்தான். வாயு இருக்கிறது, அது உறுதி. தடையில்லாமல் பல வருஷம் வருமா, அந்த அடுக்கு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு இன்னும் பல கிணறுகள் துளைக்க வேண்டும். அதன்பிறகுதான் லாபக் கணக்கே. கிடைத்தாலும் தீவுக்கும் சென்னைக்கும் நடுவே ஆயிரம் கி.மீட்டருக்கு மேல் கடல். குழாய் போடுவதா, குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுவதா என்பது தனிக் கதை.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தமான் நிற்பது மியான்மர், வடக்கு சுமத்ரா ஆகியவற்றோடு ஒரே வரிசையில். அந்த இரண்டு பக்கமும் எரிவாயு எடுத்திருக்கிறார்கள். நடுவில் மட்டும் ஒன்றும் இருக்காது என்று சொல்ல முடியாது. இருந்தே தீரும் என்றும் சொல்ல முடியாது.

காலக் கணக்குக்கு இரண்டு உதாரணம். மும்பை ஹை 1974 பிப்ரவரியில் கண்டுபிடிக்கப்பட்டு 1976-லேயே எண்ணெய் கொடுத்தது. அங்கே கடல் ஆழம் 75 மீட்டர் அளவு, பக்கத்தில் மும்பை. ஓ.என்.ஜி.சி.யின் கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடல் வட்டாரத்தில் 2000-களிலேயே கண்டுபிடிப்புகள் வந்தன. முதல் எண்ணெய் 2024 ஜனவரியில்தான் வந்தது. அந்தமான் இந்த இரண்டாவது வகை.

ஓமலூர், பள்ளி ஆசிரியை: கடலுக்கு ஏன் போக வேண்டும்? மேக்னசைட், பாக்சைட், கஞ்சமலை இரும்பு எல்லாம் இருக்கிற சேலத்தில் எண்ணெய் மட்டும் இல்லாமலா போகும்?

இல்லவே இல்லை டீச்சர். மாணவர்களுக்குத் தைரியமாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஏற்காடு மலைப்பாதையில் வெட்டிய பாறை கருநீலமாகத் தெரிகிறதே, அது சார்னோக்கைட். பூமிக்குள் வெகு ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்த பாறை; வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. எண்ணெய்க்கு வேண்டியது நேர் எதிரானது: நீருக்கடியில் படிந்த சேறும் மணலும், அதில் புதைந்த நுண்ணுயிர்களும். அந்தச் சேறு மேலும் மேலும் புதைந்து 60 முதல் 120 டிகிரி சூட்டில் நெடுங்காலம் கிடந்தால் எண்ணெய் பிறக்கும். அதைத் தாண்டிச் சூடேறினால் வாயுதான் மிஞ்சும். பிறந்தது மேலே ஏறும். ஏறும் வழியில் துளையுள்ள மணற்கல் வேண்டும், அதன்மேல் மூடி போல ஒரு களிப்பாறை வேண்டும், அந்த அமைப்பு கவிழ்ந்து நின்று தப்பவிடாமல் பிடிக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கிணறு வெறுங்கிணறு.

எண்ணெய் பூமிக்குள் ஏரி மாதிரி கிடக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது, கல்லின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் இருக்கிறது.

நீங்கள் பேருந்தில் கிழக்கே அரியலூர் போனால் கதை மாறும். சிமெண்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் கிளிஞ்சல் புதைபடிவம் கிடைக்கிறது அல்லவா, அது கடல் இருந்த இடம். கோண்டுவானா கண்டம் உடைந்தபோது விழுந்த பள்ளங்களில் படிந்த காவிரிப் படுகை அங்கே தொடங்கி, நாகப்பட்டினம் தாண்டி, கடலுக்கடியில் இலங்கைப் பக்கம் வரை போகிறது. ஜெயங்கொண்டம் பக்கத்து ஆண்டிமடத்தின் பெயரில் ஒரு பாறை அடுக்கு இருக்கிறது. அந்தப் படுகையின் எண்ணெய்க்குத் தாய்ப்பாறை அதுதான்.

திருச்செங்கோடு, போர்வெல் வண்டி உரிமையாளர்: நாங்க 1,200 அடி ஒரே நாள்ல போட்டுட்டு வண்டியை எடுத்துருவோம். கடல்ல ஒரு கெணத்துக்கு மாசக்கணக்காகுது, நூறு கோடிக்கணக்குல செலவுங்கறாங்க. அப்படி என்னங்ணா வித்தியாசம்?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்து எழுதலாம் அண்ணே. இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் உங்கள் ஊர் ரிக் வண்டி நிற்கிறது.

நீங்கள் கருங்கல்லில் ஹேமரை இறக்கிக் கம்ப்ரஸர் காற்றால் தூளை வெளியே ஊதுகிறீர்கள். துளை தானாக நிற்கும், சரியாது. மண் இருக்கும் மேல் பகுதிக்கு மட்டும் கேசிங் குழாய். தண்ணீர் பீறிட்டால் பூசை போட்டுச் சந்தோஷப்படுவீர்கள். படிவுப் பாறையில், அதுவும் கடலில், பீறிட்டால் ஆள் சாவான்.

பாறைத் துளைகளில் இருக்கும் நீரும் வாயுவும் மேலே இருக்கும் எல்லா எடைக்கும் அடியில் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. அதைக் காற்றால் அடக்க முடியாது. அதனால் துளை முழுக்கச் சேற்றை நிரப்பிச் சுற்றவிடுவோம். எடை கூட்ட அதில் பேரைட் தூள் சேர்ப்போம். ஆந்திரத்து மங்கம்பேட்டையில் வெட்டுகிற அதே கல், சங்ககிரி லாரிக்காரர்களில் சிலர் ஏற்றிக்கூட இருப்பார்கள். சேறு லேசாக இருந்தால் வாயு கிணற்றுக்குள் நுழையும். கனமாக இருந்தால் பாறை விரிசல் விட்டுச் சேறு உள்ளே ஓடிவிடும், பிறகு துளையில் சேற்று மட்டம் இறங்கி அப்போதும் வாயு நுழையும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஆழ்கடலில் ரொம்பக் குறுகலானது. கொஞ்ச ஆழம் போனதும் அந்த இடைவெளி தீர்ந்துவிடும். நிறுத்தி, கேசிங் இறக்கி, சிமெண்ட் பாய்ச்சி, அது இறுகும்வரை காத்திருந்து, சோதித்து, அடுத்த சிறிய அளவு பிட்டை இறக்க வேண்டும். மேலே 36 அங்குலத்தில் தொடங்கும் துளை அடியில் எட்டரை அங்குலமாகச் சுருங்கி நிற்கும். மாதக்கணக்கு ஆவது துளைப்பதால் மட்டுமல்ல, இந்த நிறுத்தங்களால்.

கடலின் தரையில் கிணற்று வாய்மேல் பி.ஓ.பி. என்று ஒரு வால்வு அடுக்கு உட்காரும், நூற்றுக்கணக்கான டன். எல்லாம் கைமீறினால் குழாயையே வெட்டி வாயை மூட வேண்டியது அதன் வேலை. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணற்றில் சிமெண்ட் பிடிக்கவில்லை, அழுத்தச் சோதனையைத் தவறாகப் படித்தார்கள், கடைசியில் பி.ஓ.பி.யும் மூடவில்லை. 11 பேர் இறந்தார்கள், எண்ணெய் 87 நாள் கொட்டியது.

இனி செலவு. நூறு மீட்டர் சொச்சம் ஆழம்வரை கால் ஊன்றி நிற்கும் ஜாக்-அப் ரிக் போதும். மும்பை ஹையைக் கண்டுபிடித்த சாகர் சாம்ராட் அந்த ரகம். அதற்கு மேல் மிதக்கும் ரிக் அல்லது துளையிடும் கப்பல் வேண்டும். பல கப்பல்கள் துளைக்கும்போது நங்கூரமே போடுவதில்லை. செயற்கைக்கோள் சொல்லும் இடத்தில் எந்திர விசிறிகள் இழுத்துப் பிடித்து நிற்கும். நல்ல கப்பலின் தினவாடகை 2023-24 வாக்கில் 4, 5 லட்சம் டாலர். டீசல், ஹெலிகாப்டர், சரக்குப் படகு, சிமெண்ட் கம்பெனி எல்லாம் தனி. காற்றடித்து வேலை நின்றாலும் வாடகை ஓடும். இத்தனைக்கும் பிறகு, யாரும் துளைக்காத புதுப் படுகையில் ஐந்தில் ஒன்று தேறினால் நல்ல விகிதம் என்பார்கள். நீரோட்டம் பார்க்கத் தேங்காயோடு வருகிறவரை வைத்து இந்தத் தொழில் நடத்த முடியாது, ஆனால் ஒலியலையை அனுப்பி எடுக்கும் சைஸ்மிக் படத்தை மட்டும் நம்பி மோசம்போன கம்பெனிகளும் நிறைய.

செவ்வாய்ப்பேட்டை, வியாபாரி: இந்த மாதிரி கண்டுபிடிப்புச் செய்தி வந்தா உடனே அந்தப் பங்கை வாங்கலாமா?

எந்தப் பங்கு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பழைய கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கே தெரியும்.

கிருஷ்ணா-கோதாவரிக் கடலின் கே.ஜி. டி-6 வட்டாரத்தில் 2002-ல் ரிலையன்ஸ் பெரிய எரிவாயு வயலைக் கண்டது. உற்பத்தி 2009 ஏப்ரலில். திட்டம் நாளுக்கு 8 கோடி கன மீட்டர். 2010-ல் 6 கோடியைத் தொட்டது, பிறகு சரிவு. தண்ணீரும் மணலும் கிணற்றுக்குள் வந்தன. நினைத்ததைவிடச் சிக்கலான பாறை என்றது கம்பெனி, சொன்னபடி கிணறு போடவில்லை என்றது அரசு. அந்த முதல் வயல்கள் 2020 பிப்ரவரியில் மூடப்பட்டன. 2020 டிசம்பரிலிருந்து பிரிட்டிஷ் கம்பெனி பி.பி.யோடு சேர்ந்து அதே வட்டாரத்தின் வேறு வயல்களில் உற்பத்தி தொடங்கி நன்றாகவே போனது. இரண்டாவது, குஜராத் அரசின் எண்ணெய்க் கம்பெனி ஜி.எஸ்.பி.சி. 2005-ல் அதே கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் 20 டிரில்லியன் கன அடி வாயு என்று அறிவித்தது. பின்னால் ஏற்கப்பட்ட அளவு அதில் சிறு பங்குதான். அந்த வட்டாரத்தின் 80 சதவீதத்தை 2017-ல் ஓ.என்.ஜி.சி. வாங்கிக்கொண்டது.

"இடத்தில் இருக்கிறது" என்று சொல்லும் எண் ஒன்று, "இன்றைய விலையில் இன்றைய கருவியால் மேலே எடுக்க முடியும்" என்ற எண் வேறு. செய்தியில் வருவது எப்போதும் பெரிய எண்.

ஜாகிர் அம்மாபாளையம், இரும்பாலை ஊழியர்: கயானா மாதிரி நாமும் ஆகிவிடுவோம் என்கிறார்களே?

அமைச்சரே அந்தமானை அப்படி ஒப்பிட்டுப் பேசினார். தென் அமெரிக்க நாடான கயானாவின் மக்கள்தொகை சுமார் 8 லட்சம். அதன் ஸ்டாப்ரோக் வட்டாரத்தில் 2015 மே மாதம் லிசா-1 கிணற்றில் எண்ணெய். 2019 டிசம்பரில் உற்பத்தி. 2024 தொடக்கத்தில் நாளுக்கு 6 லட்சம் பீப்பாய்க்கு மேல். நாம் செலவழிப்பது நாளுக்கு 55 லட்சம் பீப்பாய் அளவில். உள்நாட்டில் எடுப்பது 6 லட்சம் பக்கம். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. ஆக, கயானா அளவு ஒரு அதிசயம் அப்படியே அந்தமானில் வந்து விழுந்தாலும் நம் இறக்குமதியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் நிரம்பும். அவர்களுக்கு அது நாடே மாறுகிற விஷயம், நமக்கு அந்நியச் செலாவணியில் ஒரு நல்ல மிச்சம். அதுவும் சின்ன விஷயமில்லை. ஆனால் வேறு விஷயம்.

கயானாவிடம் பார்க்க வேண்டியது ஒப்பந்தம். கம்பெனி தன் செலவுக்கு எண்ணெயில் 75% வரை எடுத்துக்கொள்ளலாம். மீதியில் ஆளுக்குப் பாதி. மேலே 2% ராயல்டி. ஆரம்ப வருஷங்களில் நாட்டுக்கு வருவது 14.5%. தேடிப் பார்க்க ஆள் வராத காலத்தில் விரித்த வலை அது, கிடைத்தபின் கசக்கிறது. நாமும் 2016 வரை செலவைக் கழிக்கும் முறைதான். கணக்குத் தகராறு ஓயவில்லை. பிறகு வருவாயில் நேரடிப் பங்கு என்று மாற்றினோம். அது வந்ததும் புதுப் படுகைக்குப் பெரிய கம்பெனிகள் தயங்கின. 2019-ல் அந்தமான் போன்ற படுகைகளுக்கு மட்டும், ஏலத்தில் வருவாய்ப் பங்கு கேட்காமல், எவ்வளவு ஆய்வு, எத்தனை கிணறு என்பதை வைத்து வட்டாரத்தைக் கொடுக்கலாம் என்றார்கள். என் கருத்தில் அது சரியான முடிவு. யாரும் துளைக்காத இடத்தில் முதலில் வேண்டியது துளை.

அம்மாபேட்டை, காரைக்காலில் பெண் கொடுத்தவர்: டெல்டாவுல எண்ணெய் எடுக்கக் கூடாதுன்னு சட்டமிருக்கே, கடலுக்கு அது பொருந்தாதா? மருமகன் வீட்டுல படகு இருக்குது.

பொருந்தாது. தமிழ்நாட்டின் 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிலத்தோடு நிற்கிறது. அரசியலமைப்பின் 297-ஆம் பிரிவுப்படி கடலுக்கடியில் உள்ள கனிமம் ஒன்றிய அரசுடையது. நிலத்தில் எடுத்தால் மாநிலத்துக்கு ராயல்டி உண்டு, கடலில் எடுத்தால் அதுவும் ஒன்றியத்துக்கே. அதனால் காற்றையும் கசிவையும் கரை வாங்கும், காசு கரைக்கு வராது. இது நியாயமில்லை என்று ரிக்கில் இருந்தபோதே நினைத்திருக்கிறேன்.

மருமகன் கவனிக்க வேண்டியது இரண்டு. ஆய்வுக் கப்பல் காற்றுத் துப்பாக்கியை வெடித்து, பின்னால் பல கி.மீ. நீள ஒலிவாங்கி வடங்களை இழுத்துப் போகும். அந்த நாட்களில் அந்தப் பாதையில் வலை விரித்தால் வலை போய்விடும். மீனும் அந்தச் சத்தத்தில் ஒதுங்கும். நிரந்தர மேடை வந்தால் சுற்றி 500 மீட்டருக்குப் படகு போகக் கூடாது. நஷ்டஈட்டைக் கப்பல் கிளம்பும் முன்னே சங்கம் மூலமாக எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப்பாறையும் உள்ள பூங்காவை ஒட்டி யாரும் துளைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு அந்தப் பக்கம் இலங்கைக் கடலில் கெய்ர்ன் என்ற கம்பெனி 2011-லேயே வாயு கண்டு, 2015-ல் லாபம் கட்டாது என்று விட்டுப்போனது.

அஸ்தம்பட்டி: பெட்ரோல் விலை குறையுமா?

குறையாது. உள்ளூர் எண்ணெய்க்கும் உலக விலைதான், அதன்மேல் வரி.

சேலம் அரசு கலைக் கல்லூரி, நிலவியல் மாணவி: ரிக்கில் பெண்களுக்கு வேலை உண்டா சார்? எப்படி நுழைவது?

உண்டும்மா. நான் சேர்ந்த காலத்தில் ரிக்கில் பெண்களைப் பார்ப்பது அபூர்வம். இப்போது தனிக் கேபின் கொடுக்கிறார்கள். ஓ.என்.ஜி.சி.க்கு நிலவியல் அல்லது நிலஇயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, அவர்கள் அறிவிப்பில் சொல்லும் தேர்வை எழுது. தனியார் வழி என்றால், கிணற்றுச் சேற்றையும் துகளையும் பார்த்துப் பதிவு செய்யும் மட்-லாகிங் கம்பெனியில் சேர். அது 12 மணி நேர ஷிஃப்ட், தூக்கம் கெடும், ஆனால் பாறைத் துகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பழக அதைவிட நல்ல பள்ளி இல்லை. பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு வாரம் கடலில், அதே அளவு வீட்டில்.

கடலுக்கு அனுப்பும் முன் ஹெலிகாப்டர் கூண்டில் கட்டித் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள், பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக வெளியே வர வேண்டும். நீச்சல் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், இந்த விடுமுறையிலேயே கற்றுக்கொள். கள ஆய்வு நோட்டை அரியலூரிலிருந்து தொடங்கு. உங்கள் துறையில் கூட்டிப்போகவில்லை என்றால் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள், நான் வருகிறேன்.