அரசியல் அறிவியலுக்கு 5 லட்சம் கடனா?

கேள்வி: மகள் அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள். சென்னை தனியார் கல்லூரிக்காக 5 லட்சம் கல்விக்கடன் வாங்கலாமா?
- ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: ஆசைப்பட்டதையே படிக்கட்டும் அம்மா, ஆனால் இந்தக் கடன் வேண்டாம். 10 சதவீத வட்டி, 10 வருடம் என்று வைத்தாலே மாதத் தவணை சுமார் 6,600 ரூபாய், படிக்கும்போது ஏறுகிற வட்டி தனி; படித்து முடித்து மதுரையில் முதல் வேலை, 15,000 சம்பளம் என்றால் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போக எதை எடுத்துக் கட்டுவாள் பிள்ளை? குரூப் 1, குரூப் 2 தேர்வு எழுத ஒரு பட்டம் இருந்தால் போதும், எந்தக் கல்லூரி என்பது கணக்கில்லை. முதலில் அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், கல்லூரி வழியாகவே பதிவு செய்யலாம்.