துப்பட்டாவைத் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உண்டு, பேச்சு இல்லை. தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் மாடிப்படியில் பிள்ளைகள் இடித்துத் தள்ளியதில் நெற்றியில் மூன்று தையல். "பேசாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்" என்கிறார் மாமியார். கணவருக்குப் பள்ளிக்கு வர நேரமில்லை. மற்றபடி ஆசிரியைகள் நல்லவர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வெளியே ஓடுகிறான் என்று நாற்காலியில் கட்டி வைப்பார்கள். கயிறு உறுத்துமே என்று என் பழைய பருத்தித் துப்பட்டாவை நானே கொடுத்தேன். இப்போது பழகிவிட்டான், துப்பட்டாவைப் பார்த்ததும் அவனே இரண்டு கைகளையும் நீட்டுகிறான். படிக்கட்டு பயத்துக்கு என்ன வழி? பள்ளியை மாற்றலாமா?

பதில்: வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். படிக்கட்டுக்கு அது போதும்.

என்னால் தாண்டிப்போக முடியாதது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த நீட்டிய கைகள். அதற்குப் பெயர் பழக்கமா அம்மா? பெரியவர் ஒருவர் துணியோடு வந்தால் கையைக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குக் கற்பித்திருக்கிறீர்கள். நாளை வேனிலோ கழிப்பறையிலோ வேறொருவர் துணியோடு வந்தாலும் இப்படித்தான் நீட்டுவான். வீட்டுக்கு வந்து சொல்ல அவனிடம் வார்த்தை கிடையாது. திமிறுவது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த மறுப்பு. அதையும் மறக்கடித்துவிட்டோம். அதுவும் அம்மா வாசம் அடிக்கிற துணியால். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டதும் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் கிளம்பிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. கட்டப்படாத பிள்ளைகளுக்கே அந்தக் கதி. உங்கள் பள்ளியில் ஏதாவது நடந்தால், எல்லாரும் வாசலுக்கு ஓடுகிற நேரத்தில் உங்கள் மகனின் முடிச்சை யார் அவிழ்ப்பார்கள்?

ஏன் மதியத்தில் மட்டும் ஓடுகிறான் என்று யாராவது யோசித்தீர்களா? ஒருநாள் அந்தக் கூடத்தில் போய் உட்காருங்கள். இப்படிப்பட்ட கூடம் ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது எவர்சில்வர் டப்பாக்கள் ஒரே நேரத்தில் திறக்கும் சத்தம், பெஞ்சு இழுபடும் சத்தம், பத்து வீட்டுக் குழம்பு வாசனை. மூலையில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சோற்றைத் தொடவே இல்லை. உங்கள் மகன் ஓடிப்போவது குறும்பால் என்று எனக்குத் தோன்றவில்லை. மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே, சத்தமில்லாத ஓர் அறையில், தெரிந்த ஆயா பக்கத்தில் இருக்க, அவனைச் சாப்பிட வைக்கச் சொல்லுங்கள். வாசல் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போதும்.

குழந்தைக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் தரக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு வேண்டிய வசதியை அங்கீகாரம் பெற்ற பள்ளி செய்து தர வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. துணி நீங்கள் கொடுத்தது என்பதால் பள்ளியின் பொறுப்பு போய்விடாது. எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மசியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். ஏற்பாடு ஆகும்வரை மதியம் மணி அடிக்கும் முன்பே அவனை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

பள்ளியை மாற்றுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். நீங்கள் சத்தமில்லாமல் கிளம்பினால் அதே நாற்காலியில் அடுத்த வருடம் இன்னொரு வீட்டுப் பிள்ளை உட்காரும். உங்கள் மாமியார் சொல்வதையும் ஏற்க மாட்டேன். வீட்டில் அடைப்பது இன்னும் நீளமான துப்பட்டா.

உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பெற்ற பிள்ளை கட்டுண்டு கிடக்கும் இடத்தை ஒருமுறைகூடப் பார்க்காத தகப்பனுக்கு எந்த வேலையும் சாக்கு ஆகாது. நாளைக்கு விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் முன்னால் போய் நின்று, அந்தத் துப்பட்டாவை அவர் கையால் கேட்டு வாங்கி வரட்டும்.