அமெரிக்க வலதுசாரிகள் யாரையும் நம்பாதது ஏன்? வாசகர் கேள்வி – பதில்

கே: டிவி, பத்திரிகை எதையும் நம்பாதே என்று அமெரிக்க வலதுசாரிகள் சொல்வது டிரம்ப் வந்த பிறகு ஏற்பட்ட பழக்கமா?
(வாசகர், திருச்சி)

ப: இல்லை. அந்தக் கசப்புக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயது. 1964 அதிபர் தேர்தலில் வலதுசாரிகளின் கட்சியான குடியரசுக் கட்சியின் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர். 1,189 மனநல மருத்துவர்கள் அவரை அதிபர் பதவிக்கு மனதளவில் தகுதியற்றவர் என்று சொல்லிவிட்டார்கள் என 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை அட்டையிலேயே போட்டது. கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கேள்வித்தாள் அனுப்பப்பட்டது 12,356 பேருக்கு. பதில் போட்டவர்கள் 2,417 பேர் மட்டும். அதிலும் 'தகுதியற்றவர்' என்றவர்கள் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. கேட்கப்பட்ட மொத்தப் பேரில் பத்தில் ஒருவர்கூட இல்லை. அவரைப் பரிசோதித்துவிட்டு எழுதிய பதில்களும் அல்ல அவை. கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குப் போட்டு 75,000 டாலர் தண்டத்தொகை பெற்றார். நேரில் பார்க்காத பொது மனிதரின் மனநிலை பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் விதியே கொண்டுவந்தது. இன்றும் அதற்குக் கோல்ட்வாட்டர் விதி என்றுதான் பெயர்.

அடுத்து 1969 நவம்பர் 13. துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ ஐயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் பேசினார். நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு கூட்டம்தான் கோடிக்கணக்கான மக்கள் இரவில் என்ன பார்க்கவேண்டும் என்று முடிவு செய்கிறது, அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது அவர் வாதம். அக்னியூ 1973-ல் வரி ஏய்ப்பு வழக்கில் பதவி இழந்தார். சொன்னவர் யோக்கியர் இல்லை என்பதால் அந்தக் கேள்வி செல்லாமல் போய்விடாது. நாடு முழுக்க மூன்றே பெரிய தொலைக்காட்சி நெட்வொர்க்குகள் இருந்த காலம் அது.

ஊடகத்தை நம்புகிறீர்களா என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. 1976-ல் அமெரிக்கர்களில் 72 சதவீதம் பேர் ஊடகத்தை ஓரளவாவது நம்பினார்கள். 2024-ல் 31 சதவீதம். கட்சிவாரியாகப் பிரித்தால் ஜனநாயகக் கட்சியினரில் 54, குடியரசுக் கட்சியினரில் 12.

கே: 'ஊடகம் பொய் சொல்கிறது' என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, ஒரு சம்பவத்தை முழுதாக விளக்குங்களேன்.
(வாசகி, மதுரை)

ப: அப்படியானால் 2004 செப்டம்பர் 8 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய செய்தியை எடுத்துக்கொள்வோம். செய்தி அறையில் எந்தெந்த இடத்தில் சறுக்கல் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியின் புதன்கிழமைப் பதிப்பில் செய்தி வாசிப்பாளர் டான் ராதர் சில கடிதங்களைக் காட்டினார். மீண்டும் போட்டியிட்ட அதிபர் ஜார்ஜ் புஷ் இளைஞராக டெக்ஸாஸ் விமானக் காவல் படையில் இருந்தபோது அவருடைய மேலதிகாரி ஜெர்ரி கில்லியன் 1972, 73-ல் எழுதிவைத்த குறிப்புகள் என்றார். புஷ் மருத்துவப் பரிசோதனைக்கு வரவில்லை, மேலிடத்திலிருந்து நெருக்கடி வருகிறது என்ற வகையில் அவற்றில் இருந்தது. கில்லியன் 1984-லேயே இறந்துவிட்டார். அவரிடம் கேட்க வழியில்லை.

சில மணி நேரத்தில் இணையத்தில் இருந்த சாதாரண ஆட்கள் எழுத்துருவைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் 'ஐ' எழுத்துக்கும் 'எம்' எழுத்துக்கும் ஒரே அகலம். இந்தக் குறிப்புகளிலோ எழுத்துக்கேற்ப அகலம் மாறியது. படைப்பிரிவு எண்ணுக்குப் பின்னால் வரும் 'டி-எச்' சின்னதாக மேலே ஏறி நின்றது. மைக்ரோசாஃப்ட் வேர்டைத் திறந்து, எந்த அமைப்பையும் மாற்றாமல், அதே வாசகத்தை டைம்ஸ் நியூ ரோமனில் அடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரியும் அதே வார்த்தையில் மடங்கியது. அகலம் மாறும் இயந்திரங்கள் 1972-ல் இல்லாமல் இல்லை. ஆனால் அவை விலை உயர்ந்தவை. ஒரு விமானப்படை அலுவலகத்தில் அதை வைத்து யாரோ அடித்தார்கள் என்றால், அந்த இயந்திரம் அங்கே இருந்ததற்குச் சான்று வேண்டும். அது கிடைக்கவில்லை.

சிபிஎஸ் எங்கே தவறியது? முதலாவது, கையில் இருந்தவை அசல்கள் அல்ல, நகல்கள். நகலில் மையையோ காகிதத்தையோ சோதிக்க முடியாது. இரண்டாவது, காட்டப்பட்ட நிபுணர்களில் சிலர் தங்கள் தயக்கத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பெரிதாக மேற்கோள் காட்டப்பட்டவர் கையெழுத்தைப் பற்றி மட்டுமே பேசக்கூடியவர், முழு ஆவணத்துக்கு அவர் உத்தரவாதம் தரவில்லை. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: ஆவணம் கொடுத்தவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்பதை யாரும் தொடர்ந்து போய்ப் பார்க்கவில்லை. பின்னால் அவர் தான் முதலில் சொன்னதை மாற்றினார். ஒரு காகிதம் எந்தெந்தக் கை மாறி வந்தது என்று தெரியாவிட்டால் அதை ஒளிபரப்பவே கூடாது, அவ்வளவுதான்.

சிபிஎஸ் பன்னிரண்டு நாள் விடாப்பிடியாகத் தற்காத்துவிட்டு செப்டம்பர் 20-ல் வருத்தம் தெரிவித்தது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் டிக் தார்ன்பர்க், அசோசியேட்டட் பிரஸ் முன்னாள் தலைவர் லூயிஸ் பொக்கார்டி இருவரும் விசாரித்து 2005 ஜனவரியில் அறிக்கை தந்தார்கள். தயாரிப்பாளர் நீக்கப்பட்டார், வேறு மூவர் விலகும்படி கேட்கப்பட்டார்கள். ராதர் மார்ச்சில் செய்தி வாசிப்பாளர் நாற்காலியை விட்டார். பழமைவாதிகள் இந்தக் கதையைச் சொல்லும்போது வழக்கமாக விட்டுவிடும் ஒன்று உண்டு. அரசியல் நோக்கம்தான் காரணம் என்று அந்தக் குழு முடிவுகட்டவில்லை. முந்திக்கொள்ளும் அவசரத்தையே முக்கியமாகச் சொன்னது. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. இதே தரத்தில் ஒரு காகிதம் ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு எதிராக வந்திருந்தால் அவ்வளவு எளிதாக ஏற்றிருப்பார்களா? ஒரே மாதிரி எண்ணம் கொண்டவர்கள் மட்டும் நிறைந்த அறையில் 'இது சந்தேகமாக இருக்கிறதே' என்று சொல்ல ஆள் இருக்காது. பழமைவாதிகளின் குறையில் வலுவான பகுதி அதுதான்.

கே: என் மகன் டல்லாஸில் இருக்கிறான். அவன் வீட்டில் வலதுசாரிச் சேனலான ஃபாக்ஸ் நியூஸ் தவிர வேறெதுவும் ஓடாது. அதுவாவது உண்மை சொல்கிறதா அண்ணா?
(வாசகி, கும்பகோணம்)

ப: தங்கச்சி, மகனிடம் 787.5 மில்லியன் டாலர் என்ற எண்ணை மட்டும் சொல்லுங்கள். 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் ஓட்டை மாற்றின என்ற குற்றச்சாட்டை ஒளிபரப்பியதற்காக, அந்த இயந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனத்துக்குக் கொடுக்க 2023 ஏப்ரல் 18 அன்று ஃபாக்ஸ் ஒப்புக்கொண்ட தொகை அது. அமெரிக்காவில் பொது விஷயத்தில் ஊடகத்தின் மேல் அவதூறு வழக்கு ஜெயிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. 1964-ல் வந்த சல்லிவன் தீர்ப்பின்படி, பொய் என்று தெரிந்தே சொன்னார்கள், அல்லது உண்மை பொய் பற்றிக் கவலையே படாமல் சொன்னார்கள் என்று நிரூபிக்கவேண்டும். இங்கே ஃபாக்ஸ் ஆட்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளே வெளியில் வந்தன. திரையில் அந்தக் குற்றச்சாட்டுகளுக்கு இடம் கொடுத்தவர்கள் தங்களுக்குள் அதை நம்பவில்லை என்பது அவற்றில் தெரிந்தது.

ஏன் செய்தார்கள்? தேர்தல் இரவில் அரிசோனாவை பைடனுக்கு என்று முதலில் அறிவித்தது ஃபாக்ஸ்தான். அந்தக் கணிப்பு சரியாகவே முடிந்தது, 10,457 ஓட்டு வித்தியாசம். ஆனால் பார்வையாளர்கள் கோபித்துக்கொண்டு நியூஸ்மேக்ஸ் என்ற போட்டி வலதுசாரிச் சேனல் பக்கம் போகத் தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னதால் ஆள் குறைகிறது என்ற பயத்தில், ஆட்கள் கேட்க விரும்பியதைப் போட்டார்கள். அதே டொமினியனோடு நியூஸ்மேக்ஸும் 2025-ல் 67 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஒரு சேனலைச் சந்தேகித்துவிட்டு இன்னொரு சேனலைக் கண்ணை மூடி நம்புவதற்குச் சந்தேகம் என்று பெயர் இல்லை. மகன் ஃபாக்ஸ் பார்க்கட்டும். மாலையிலும் இரவிலும் வருபவற்றில் பெரும்பாலானவை கருத்து நிகழ்ச்சிகள், செய்தி அல்ல என்பதை மட்டும் அவர் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கே: உண்மை கண்டறியும் நிபுணர்களையும் நம்ப மாட்டார்களாமே?
(வாசகர், சேலம்)

ப: இரண்டு சம்பவங்கள் காரணம். கோவிட் கிருமி மனிதர் உருவாக்கியது என்ற பதிவுகளை ஃபேஸ்புக் 2021 பிப்ரவரியில் நீக்கத் தொடங்கி, அதே ஆண்டு மே மாதம் அந்தத் தடையைக் கைவிட்டது. நான்கு மாதத்துக்குள் 'பொய்' என்பது 'விவாதத்துக்குரியது' ஆகிவிட்டது. அதற்கு முன், 2020 அக்டோபர் 14-ல் பைடனின் மகன் ஹன்டரின் மடிக்கணினி பற்றி நியூயார்க் போஸ்ட் எழுதிய செய்தியின் இணைப்பையே ட்விட்டர் முடக்கியது. ஐந்து நாளில் 51 முன்னாள் உளவுத்துறையினர், இதில் ரஷ்யச் சாயல் தெரிகிறது என்று கடிதம் வெளியிட்டார்கள். தங்களிடம் ஆதாரம் இல்லை என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் பெரும்பாலான தலைப்புகள் விழுங்கிவிட்டன. அதே கணினியை 2024 ஜூனில் டெலவர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பே சாட்சியமாக வைத்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியார் சரிபார்ப்புத் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது.

கே: ஹாலிவுட் மேல் என்ன கோபம்? 'கொள்கை பேசினால் படம் ஊற்றிக்கொள்ளும்' என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், கோவை)

ப: பாதி உண்மை. வசூல் கணக்கு போடத் தெரியாமல் இந்தப் பேச்சுக்குள் போகக்கூடாது. டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி திரையரங்குக்குப் போய்விடும். சொல்லப்படும் தயாரிப்புச் செலவில் விளம்பரம் சேராது. ஆகவே திரையரங்கில் செலவைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு வசூலித்தால்தான் முதல் தேறும். 'லைட்இயர்' 2022-ல் வந்தது. செலவு சுமார் 200 மில்லியன், உலக வசூல் சுமார் 226 மில்லியன். இது நஷ்டம். அதில் வந்த இரு பெண்களின் முத்தக்காட்சிதான் காரணம் என்று வலதுசாரிகள் சொன்னார்கள். ஆனால் கோவிட் காலத்தில் மூன்று பிக்சார் படங்களை டிஸ்னி நேராக வீட்டுத் திரைக்கு அனுப்பி, 'இது தியேட்டருக்குப் போகவேண்டிய படமில்லை' என்று பெற்றோரைப் பழக்கியிருந்தது. அதைக் கணக்கில் எடுக்காமல் முடிவு சொல்வது சரியல்ல. பெண்ணியம் பேசிய 'பார்பி' 2023-ல் நூற்று நாற்பது கோடி டாலரைத் தாண்டியதையும் பார்க்கவேண்டும்.

கோபத்துக்கு நியாயமான இடம் வேறு. சீனச் சந்தைக்காக ஹாலிவுட் பணிந்தது. 'ரெட் டான்' மறு ஆக்கத்தில் படையெடுப்பவர்கள் சீனர்களாகப் படமாக்கப்பட்டு, பின்னர் கணினியில் கொடிகளை மாற்றி வட கொரியர்களாக ஆக்கப்பட்டார்கள். 2020-ன் 'முலான்' நன்றி அட்டையில், உய்குர் முஸ்லிம்கள் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட சின்ஜியாங் பகுதியின் அரசு அமைப்புகளின் பெயர்கள் இருந்தன. உள்ளூரில் அறம் பேசுபவர்கள் அங்கே வாயை மூடிக்கொண்டதைப் பழமைவாதிகள் கேட்டது நியாயம்தான்.

ஆஸ்கரின் புதிய பன்மைத்துவ விதி பற்றிய பயமோ மிகை. சிறந்த படத்துக்கான போட்டிக்கு நான்கு அளவுகோல்களில் இரண்டு போதும். பயிற்சி வாய்ப்பு, விளம்பரப் பிரிவு என்ற இரண்டைப் பெரிய ஸ்டூடியோக்கள் படத்தைத் தொடாமலே நிறைவேற்றிவிடலாம். அதோடு, பழமைவாதிகள் புலம்புவதை விட்டுப் படம் எடுத்தபோது ஓடியிருக்கிறது. 2023-ல் ஏஞ்சல் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்' 14.5 மில்லியனில் எடுக்கப்பட்டு அமெரிக்காவில் மட்டும் சுமார் 184 மில்லியன் வசூலித்தது. பிறருக்காக முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவைக்கும் முறை அதில் இருந்ததால் வசூலும் இருக்கையில் அமர்ந்தவர் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க அவசியமில்லை.

கே: தங்கள் கட்சி ஆட்சியில் இருக்கும்போதும் ஏன் அரசைத் திட்டுகிறார்கள்?
(வாசகர், ஈரோடு)

ப: செலவு. ஆண்டுதோறும் 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்கள் அக்டோபர் 1-க்குள் நிறைவேறவேண்டும். 1977 நிதியாண்டிலிருந்து நான்கு முறைதான் அப்படி நடந்திருக்கிறது, கடைசியாக 1997 நிதியாண்டுக்கு. மற்ற ஆண்டுகளில் தற்காலிக நீட்டிப்பு, பிறகு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓட்டுக்கு விடுவது. 2022 டிசம்பரில் வந்த மூட்டை 4,155 பக்கம், சுமார் 1.7 லட்சம் கோடி டாலர். 20-ம் தேதி அதிகாலையில் வெளியானது, 23-ம் தேதிக்குள் இரு அவைகளையும் தாண்டிவிட்டது. எந்த உறுப்பினரும் அதைப் படித்திருக்க முடியாது. இதில் குடியரசுக் கட்சிக்கும் பங்கு உண்டு. டிரம்பின் முதல் ஆட்சியில் தேசியக் கடன் சுமார் 19.9-லிருந்து 27.8 லட்சம் கோடி டாலராக ஏறியது.

கே: வாட்ஸ்அப்பில் வரும் அமெரிக்கச் செய்தியைச் சரிபார்ப்பது எப்படி?
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

ப: மசோதா என்றால் முதலில் எண்ணைத் தேடுங்கள். கீழவை மசோதாவுக்கு 'எச்.ஆர்.', மேலவைக்கு 'எஸ்.' என்று தொடங்கும். எண் இல்லாத செய்தியை அங்கேயே விட்டுவிடலாம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அரசுத் தளத்தில் எண்ணைப் போட்டால் முழு வாசகமும் வரும். எந்தப் பதிப்பு என்று பாருங்கள். அறிமுகமானதும் இரு அவைகளிலும் நிறைவேறியதும் ஒன்றல்ல. வதந்திகளில் பெரும்பாலும் ஓட்டுக்கே வராத அறிமுகப் பதிப்புதான் 'சட்டம்' என்று சுற்றும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தொடக்கத்தில் வரும் சுருக்கம் தீர்ப்பின் பகுதி அல்ல, ஆனால் படிக்க எளிது. பிறகு மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள், பெரும்பான்மையின் பலவீனம் அதில்தான் தெரியும். தலைவர் ஒருவர் சொன்னதாக வெட்டிய காணொளி வந்தால், அரசியல் நிகழ்ச்சிகளை வெட்டாமல் காட்டும் சி-ஸ்பான் சேனலில் முழு உரையையும் எடுத்து, வெட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள்.

கருத்துக்கணிப்பில் ஆயிரம் பேர் என்றால் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ சுமார் 3 சதவீதம். அதற்குள் 'ஆசிய வம்சாவளியினர்' என்று நூறு பேரைப் பிரித்தால் அது கிட்டத்தட்ட 10 ஆகிவிடும். அந்த நூறு பேரை வைத்துத் தலைப்புப் போடுவது இரு தரப்பு ஊடகங்களிலும் நடக்கிறது. பெயர் சொல்லாத ஆதாரம் என்றால், அவர் ஆவணத்தைக் கண்ணால் பார்த்தவரா, கேள்விப்பட்டவரா என்று செய்தியில் இருக்கிறதா பாருங்கள். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தைத் திறந்து அடியில் திருத்தம் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கே: பொது வானொலிக்கு அரசுப் பணத்தை நிறுத்தியது பழமைவாதிகளுக்கு வெற்றிதானே?
(வாசகர், நாகர்கோவில்)

ப: கொள்கையளவில் ஆம். எல்லோரும் கட்டும் வரியில் ஒரு தரப்பின் குரல் மட்டும் ஒலிக்கக்கூடாது என்பது நேர்மையான வாதம். 2025 ஜூலையில் சுமார் 110 கோடி டாலரை காங்கிரஸ் திரும்பப் பெற்றது, மேலவையில் 51-க்கு 48. ஆனால் வாஷிங்டனில் இருக்கும் தேசியப் பொது வானொலியான என்பிஆருக்கு அரசுப் பணம் நேரடியாகப் போனது வருமானத்தில் மிகச் சிறிய பங்கு. அதிகம் நம்பியிருந்தவை கிராமப்புற நிலையங்கள். அலாஸ்காவில் பல ஊர்களுக்கு வானிலை, சுனாமி எச்சரிக்கைகளைக் கொண்டுசேர்ப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மாநிலத்தின் லிசா மர்கவ்ஸ்கி குடியரசுக் கட்சிக்காரர்தான், எதிர்த்து ஓட்டுப் போட்டார்.