கடைச்சோறு

அன்புள்ள அக்கா,

2006இல் யுத்தத்தால் ஏ9 பாதை பூட்டுவதற்குச் சில வாரங்கள் முன்பு கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டவன் நான். பதினெட்டு வருடங்கள் கழித்து ஆடி மாதத்தில் மனைவி பிள்ளைகளோடு ஊருக்கு வந்தேன். கிளிநொச்சியில் இருந்த பாண்டியன் சுவையூற்றுக் கடை, அந்த றோல்ஸ், கொத்துறொட்டி, குளிர்களி (ஐஸ்கிரீம்) என்று விமானத்திலேயே பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். அது இப்போது இல்லை என்று தெரியும். அந்த ருசியாவது எங்காவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தேன். மூன்று நாளில் ஏழு கடை. ஒன்றிலும் இல்லை. முறிகண்டிக் கச்சானும் பழைய கச்சான் இல்லை. குளத்து மீன் கேட்டால் எங்கும் ஜப்பான்தான், விரால் இல்லை. மான் வத்தல் கேட்டால் சிரிக்கிறார்கள். கடைசியாக ஏ9 ஓரத்தில் பெண்கள் நடத்தும் ஒரு கடைக்குப் போனோம். குரக்கன் புட்டும் ஒடியல் கூழும்தான், கொத்து இல்லை என்றார்கள். புட்டு அவிய அரை மணித்தியாலமாம். பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டோம். வன்னியின் உண்மையான சாப்பாட்டை இன்றைக்கு எங்கே சாப்பிடலாம்? ஒரு கடையின் பெயரையாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகர், ஸ்காபரோ

*

அன்புள்ள தம்பி,

சாப்பாட்டுக்கடை விசாரித்து வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. போன கிழமை என் சின்னம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்தது. அன்றிலிருந்து ஒரு சீனி ரின் என் மனதுக்குள் கிடந்து உருண்டுகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

சில்லறைகளை முதலில் முடித்துவிடுகிறேன். கச்சான் மாறவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு பஸ்ஸுக்குள் ஏறி ஓர் உள்ளங்கைக் கச்சானை ஒரே வாயில் போட்டது இருபது வயதுப் பல்லு. இப்போது உங்கள் வாயில் இருப்பது என்ன பல்லு என்று நான் கேட்கமாட்டேன். ஜப்பான் மீனை, அதுதான் திலாப்பியாவை, குறை சொல்லாதீர்கள். பெயர்தான் ஜப்பான், ஆள் ஆபிரிக்கா. 1952இல் இலங்கைக் குளங்களில் கொண்டுவந்து விட்டது. வன்னியில் எத்தனையோ வீட்டுச் சட்டிக்கு அதுதான் மீன். மான் வத்தல் விற்பது சட்டப்படி குற்றம். கடைக்காரர் சிரித்ததோடு விட்டது உங்கள் நல்ல காலம்.

றோல்ஸ் ருசித்த காரணமும் எனக்குத் தெரியும். 1990இலிருந்து பொருளாதாரத் தடை. சீனி இல்லை, சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த பிள்ளைகளுக்கு, 2002இல் பாதை திறந்து மாவும் சீனியும் மாஜரினும் லொறி லொறியாக வந்தபோது வெதுப்பகத்துக் காற்றே இனித்தது. நானும் அங்கே குளிர்களி தின்றிருக்கிறேன், தம்பி. ஒரே மேசையில் என்னோடு இருந்து தின்ற இரண்டு பேர் இப்போது இல்லை. அதனால் அந்தக் கடை இருந்த பக்கம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் தேடி வந்ததில் எனக்குக் கோபமும் இல்லை.

கோபம் வேறு இடத்தில். இனி ‘நீர்’ என்றுதான் எழுதப்போகிறேன். கோபம் வந்தால் எனக்கு ‘நீங்கள்’ வராது.

வன்னிச் சாப்பாடு எந்தக் கடையில் என்று கேட்கிறீர். அது எப்போது கடையில் இருந்தது? கிளிநொச்சி இரணைமடுக் குளத்தையும் குடியேற்றத்தையும் நம்பி வளர்ந்த ஊர். தனி மாவட்டமானதே 1984இல். 1996இல் ஒருமுறை, 2008 கடைசியில் இன்னொருமுறை, சட்டி பானையோடு முழு ஊரும் வெளிக்கிட்டது. அப்படிப்பட்ட நகரத்தில் யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் வந்து கடை போட்டார்கள், நல்ல சாப்பாடும் போட்டார்கள். ஆனால் ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வீட்டில் ‘கடைச்சோறு’ என்பது ஏச்சு. ஆருமில்லாதவன் தின்னுற சோறு என்பார் அப்பு, அம்மாவின் தகப்பன். சோறு விற்பதை அதைவிடக் கேவலமாக நினைத்தார்.

எங்கள் சாப்பாடு எங்கே இருந்தது என்று சொல்கிறேன், கேளும். அரிவு வெட்டு நாளில் கடகத்தில் வயலுக்குப் போகும் மொட்டைக்கறுப்பன் சோறு, மேலே பூசணிக்காய்க் கறி. சூடு மிதித்து முடிந்து பொலி தூற்றின களவெட்டியில் வைக்கிற புக்கை. காலையில் பழஞ்சோற்றைப் பிசைந்து மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கையால் நசுக்கிப் போட்டது. சேனையில் விளைந்த குரக்கனை இடித்து நீத்துப்பெட்டியில் அவித்த புட்டு, பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போனால் தாமரை இலையில் அன்னதானம். சுடுசோறு விழுந்ததும் அந்த இலையிலிருந்து ஒரு குளத்து வாசம் எழும்பும். அதை இன்றைய லஞ்ச் சீற்றில் தேடிப் பிரயோசனமில்லை. ஆனி ஆடியில் பாலைப்பழம்; உதடு இரண்டும் பிசினால் ஒட்டிக்கொள்ளும், கரடியும் நாங்களும் ஒரே மரத்துக்குப் போட்டி. ஆடியில்தானே வந்தீர்? ஒரு பாலைப்பழம் கேட்டீரா? உம்முடைய கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை.

இதில் எதற்காவது விலை இருந்ததா? இருந்ததில்லை. எவ்வளவு இருந்ததில்லை என்பதற்கு ஒரு கதை.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு வரும் ஒரு வியாபாரி, நல்ல வெயிலில் எங்கள் படலைக்கு வந்து தண்ணீர் கேட்டார். அம்மாவின் தாயை நாங்கள் அம்மாச்சி என்போம். அம்மாச்சி தண்ணீர் கொடுக்கவில்லை, முதலில் சாப்பிடச் சொன்னா. அந்த மனிசன் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது செம்புக்குக் கீழே ஒரு இரண்டு ரூபாய்த் தாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மாச்சி செம்பைத் தூக்கினபோதுதான் தெரிந்தது. அப்பு அந்தத் தாளைப் பார்த்தார். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். சைக்கிளை எடுத்தார்.

பின்னால் ஒருவர் கத்திக்கொண்டு வருவதைக் கண்ட கருவாட்டுக்காரர், தன்னைக் கள்ளன் என்று நினைத்துவிட்டார்களாக்கும் என்று இன்னும் வேகமாக மிதித்திருக்கிறார். மதகடியில் அப்பு பிடித்துவிட்டார். “என்ர மனுசி என்ன கடையோ நடத்துறா?” என்று கேட்டு, தாளை அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டுத் திரும்பி வந்தார். அன்று இரவு அப்பு யாரோடும் பேசவில்லை. கருவாட்டுக்காரர் அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையால் வந்ததே இல்லை என்பது அம்மாச்சியின் நிரந்தரக் குறை. “உந்த மனுசன்ர மானத்தால எனக்கு நல்ல கட்டாக் கருவாடு போச்சு” என்று சாகும்வரை சொன்னா.

அந்த அப்புவின் கடைசி மகள்தான் சின்னம்மா. மாங்குளத்தில் வாழ்க்கைப்பட்டவ. சித்தப்பா 2009 கடைசி யுத்தத்தில் வலைஞர்மடத்தோடு போய்விட்டார். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு 2010இல் பிள்ளைகள் இரண்டோடு திரும்பி வந்து, காணிக்குள் தறப்பாள் கட்டி இருந்தா. வளவில் மிஞ்சியது ஒரு முருங்கை. அப்போது வீதியில் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலைக்காரருக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டும், பக்கத்தில் ஒரு கடையும் இல்லை. நான்தான் யோசனை சொன்னேன். “நான் சோறு விக்கிறதோ?” என்று கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரும் அங்கேதான் நின்றார்கள்.

பத்துப் பார்சல். நாட்டரிசிச் சோறு, பூசணி, முருங்கையிலை வறை, கருவாட்டுக் குழம்பு. நூறு ரூபாய் என்று சொல்லச் சொல்லி முதல்நாள் இரவு முழுக்கப் பழக்கினேன். வந்தவர்கள் சிங்களப் பொடியன்கள். ஒருவன் பார்சலை வாங்கிக்கொண்டு “கீயத?” (எவ்வளவு?) என்றான். அது விளங்காதவ இல்லை சின்னம்மா. வாய் திறக்கவில்லை. கையால் பக்கத்திலிருந்த சீனி ரின்னைக் காட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டா. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த ரின்னுக்குள் போட்டார்கள். ஒருவன் ஐம்பது போட, இன்னொருவன் தலையில் தட்டி மற்ற ஐம்பதையும் போடவைத்தான். எல்லோரும் போனபிறகும் ரின்னை அவ தொடவில்லை. இரவு நான்தான் எண்ணினேன். “அப்பு பாத்திருந்தால்...” என்று தொடங்கினா, முடிக்கவில்லை. அன்றைக்கு அவ சாப்பிடவும் இல்லை.

பிறகு பழகிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நீர் கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பீர். ஐந்து வருடத்தில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று பலகை எழுதித் தொங்கவிட்டா. எனக்கே ஒருமுறை கடன் தரமாட்டேன் என்றவ.

இப்போது விளங்குகிறதா நீர் எந்த இடத்திலிருந்து எழும்பி வந்தீர் என்று? நூறு வருடம் காசுக்குக் கிடைக்காத சாப்பாடு, விற்பதற்கு வேறொன்றும் இல்லாமல் போன பெண்களின் கையால் முதன்முதலாகக் கடைக்கு வந்திருக்கிறது. மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கிக் கொடுத்த கடைகளுக்கு ‘அம்மாச்சி’ என்றே பெயர். தெற்கில் இதே மாதிரிக் கடைகளை ஹெல பொஜுன் என்கிறார்கள். திணைக்களத்தோடு தொடர்பில்லாமல் தாங்களாக அடுப்பு மூட்டியவர்கள் அதைவிடக் கனபேர். வன்னிச் சாப்பாடு உமக்கு முன்னால் நீத்துப்பெட்டியில் அவிந்துகொண்டிருக்க, கொத்து இல்லையா என்று கேட்டீர்! குரக்கன் மாவுக்குத் தண்ணீர் தெளித்துக் குழைத்து, தேங்காய்ப்பூப் போட்டு, அவித்து இறக்க அரை மணித்தியாலம் ஆகாமல் என்ன ஆகும்? ஸ்காபரோவில் பீட்சாவுக்கு நாற்பது நிமிடம் நிற்கிறவர்தானே நீர். ‘இல்லை’ என்று சொன்ன அந்தப் பிள்ளையின் முகத்தையாவது பார்த்தீரா? எங்கள் சாப்பாடு உங்களுக்குப் பிடிக்காது என்று பயந்து பயந்துதான் சொல்லியிருப்பாள். பிடிக்கவில்லை என்று எழும்பிக் காட்டிவிட்டு வந்திருக்கிறீர், உம்முடைய பிள்ளைகளுக்கு முன்னால்.

எல்லாக் கடையும் நல்ல கடை என்று நான் சொல்லவில்லை. சிலதில் சொதி தண்ணீர். ஒடியல் கூழுக்கு மாவைச் சரியாக ஊறவிட்டு வடிக்காமல், கயர்ப்போடு ஊற்றித் தந்த ஒருத்தியோடு நானே சண்டை பிடித்திருக்கிறேன். சண்டை பிடியும், பிழை இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பிடியும்.

சின்னம்மாவின் கடை இப்போது இல்லை. மூத்த மகன் பிரான்சுக்குப் போனபிறகு ‘போதும் அம்மா’ என்று மூட வைத்துவிட்டான். சீனி ரின் என்னிடம் இருக்கிறது, மல்லி போட்டு வைத்திருக்கிறேன். திவசத்துக்கு அவன் ஹோட்டலில் சாப்பாடு எடுப்பித்தான். ஐம்பது பார்சல், பிளாஸ்ரிக் கரண்டியோடு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடையின் பெயர் கேட்டீர்கள். (கோபம் இறங்கிவிட்டது, பாருங்கள்.) மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், வீதி ஓரத்தில் புகை எழும்பும் எந்தக் கொட்டிலிலும் நில்லுங்கள். அல்லது ஆனியில் வாருங்கள், ஒரு மாதம் முன்னரே எழுதுங்கள், பாலைப்பழத்துக்குச் சொல்லி வைக்கிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வாருங்கள். செம்புக்குக் கீழே மட்டும் ஒன்றும் வைத்துவிட்டுப் போகவேண்டாம். அப்புவின் சைக்கிள் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது. என்னிடம் ஸ்கூட்டி இருக்கிறது.

அன்புடன்,
அக்கா