வாசகர் கேள்வி – பதில்: துப்பறியும் மின்னூல்களைப் பதிப்பகத்திடமே வாங்கலாமா?

கேள்வி: ஐரோப்பியத் துப்பறியும் நாவல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் விரும்பிப் படிக்கிறேன். சில சிறு பதிப்பகங்கள் தங்கள் இணையதளத்திலேயே மின்னூல்களை விற்பதைப் பார்த்தேன். அதே நூல் அமேசானிலும் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கும்போது, பதிப்பகத்திடம் வாங்குவதால் என்ன பயன்? – வாசகி, கரூர்

உங்களுக்கு ஒரு பயன், பதிப்பகத்துக்கு ஒரு பயன் என இரண்டு உண்டு. முதலில் உங்களுக்கானதைச் சொல்கிறேன். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் பணம் கட்டும்போது நமக்குக் கிடைப்பது படிப்பதற்கான உரிமம்தான்; நூலின் கோப்பு பெரும்பாலும் கடைக்காரரின் பிடியிலேயே இருக்கிறது. 2009 ஜூலையில், விற்றவருக்கு விற்பனை உரிமை இல்லை என்று தெரியவந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் தானாகவே அழித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மன்னிப்பும் கேட்டது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அந்நிறுவனம் 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்திவிட்டது. சிறு பதிப்பகங்களோ பெரும்பாலும், நகலெடுப்பதைத் தடுக்கும் மின்பூட்டு (டிஆர்எம்) இல்லாத இபப் (EPUB) என்ற பொதுவான மின்னூல் வடிவக் கோப்பாகவே தருகின்றன. அதை உங்கள் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் சேமித்துவிட்டால், அந்தப் பதிப்பகமே நாளை மூடப்பட்டாலும் நூல் உங்களிடம் இருக்கும். எனினும் எல்லோரும் அப்படித் தருவதில்லை. எனவே, நூலின் விவரப் பக்கத்தில் 'டிஆர்எம் இல்லை' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

அடுத்தது பதிப்பகத்துக்கான பயன். எழுத்தாளரும் பதிப்பகமும் தாங்களே மின்னூல் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி திட்டத்தில் ஒரு மின்னூலின் விலை 2.99 டாலருக்குக் கீழே இருந்தால், நூலை வெளியிட்டவருக்குக் கிடைப்பது 35 சதவீதம். சிறு பதிப்பகம் ஒன்று, புதிய வாசகர்களை ஈர்ப்பதற்காகத் தொடரின் முதல் நாவலை 1.99 டாலருக்கு அங்கே விற்றால், அதன் கைக்கு வருவது ஏறத்தாழ 70 சென்ட். அதே நாவலைத் தன் தளத்தில் அதே விலைக்கு விற்றால், பணப் பரிமாற்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் வழக்கமாக வாங்கும் 2.9 சதவீதமும் 30 சென்டும் போக, 1.60 டாலருக்கு மேல் மிஞ்சும். பெரிய நிறுவனத்துக்கு இந்த வித்தியாசம் பொருட்டாக இருக்காது. மொழிபெயர்ப்பாளருக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் அட்டை வடிவமைப்பவருக்கும் முன்கூட்டியே பணம் கொடுத்துவிட்டு விற்பனைக்குக் காத்திருக்கும் இரண்டு மூன்று பேர் கொண்ட பதிப்பகத்துக்கு, அடுத்த நூலைக் கொண்டுவர முடியுமா என்பதைத் தீர்மானிப்பதே இதுதான்.

துப்பறியும் நாவல்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் தொடராக எழுதப்படுகின்றன. முதல் இரண்டு நூல்களுக்குப் போட்ட பணம் திரும்பாவிட்டால் மூன்றாவது நூல் மொழிபெயர்க்கப்படாமலே நின்றுபோகும். நமக்குப் பழகிப்போன அந்தத் துப்பறிவாளர் அதன்பின் என்ன ஆனார் என்பது மூலமொழி தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். 2014-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஒரெண்டா புக்ஸ் என்ற சிறு பதிப்பகம், ஐஸ்லாந்து, நார்வே, பின்லாந்து எழுத்தாளர்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, பிரிட்டன் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் சிறந்த பதிப்பகத்துக்கு வழங்கும் டாகர் விருதை 2020-இல் பெற்றது. அத்தகைய உழைப்பு தொடர வேண்டும் என்று நினைப்பவர்கள், வசதி இருக்கும் இடத்தில் நேரடியாக வாங்குவதே நல்லது.

கேள்வி: இபப் கோப்பாக வாங்கி, கம்பி வழியாகக் கிண்டிலில் ஏற்றினேன். நூல் பட்டியலில் தெரியவே இல்லை. கோப்பு பழுதா? – வாசகர், நாகர்கோவில்

கோப்பில் பழுது இல்லை. யூஎஸ்பி வழியாக நகலெடுத்த இபப் கோப்பைக் கிண்டில் திறக்காது. 2022 முதல், அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை இபப் கோப்பை ஏற்றுக்கொண்டு, தானே உருமாற்றிக் கருவிக்கு அனுப்புகிறது. அந்தச் சேவையின் இணையப் பக்கத்தில் உங்கள் அமேசான் கணக்கில் நுழைந்து கோப்பை இழுத்துப் போட்டால் போதும். மின்னஞ்சலில் அனுப்ப விரும்பினால், நீங்கள் அனுப்பும் முகவரியை அமேசான் கணக்கின் 'பர்சனல் டாகுமென்ட் செட்டிங்ஸ்' பகுதியில் முன்னதாகச் சேர்த்திருக்க வேண்டும். பலருக்கு நூல் போய்ச் சேராததற்கு இந்த ஒரு விடுபடலே காரணம். சில பதிப்பகங்களின் பழைய நூல்கள் மோபி என்ற பழைய கிண்டில் கோப்பு வடிவிலும் கிடைக்கும். அதை இந்தச் சேவை இப்போது ஏற்பதில்லை என்பதால் இபப்பையே தேர்ந்தெடுங்கள். கைபேசியில் படிப்பவர்களுக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. கூகுள் பிளே புக்ஸ் செயலியில் கோப்பைப் பதிவேற்றிப் படிக்கலாம்.

கேள்வி: லண்டன் பதிப்பகம் ஒன்றில் நாவல் வாங்க முயன்றபோது என் வங்கி அட்டை நிராகரிக்கப்பட்டது. கணக்கில் பணம் இருக்கிறது. – வாசகி, திருச்சி

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 மார்ச் 16 முதல் வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். வங்கியின் செயலியில் அதை இயக்கி, உச்சவரம்பைச் சிறு தொகையாக வைத்து, வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்களில் பெரும்பாலும் ஓடிபி கேட்கமாட்டார்கள் என்பதால் இந்த எச்சரிக்கை அவசியம். வங்கி நாணய மாற்றுக் கட்டணமும் பிடிக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ் க்ரைம் நாவல்களின் மின்னூல்களை மட்டும் ஏன் பதிப்பகங்கள் இப்படி நேரடியாக விற்பதில்லை? – வாசகர், கோவை

விற்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பலரால் விற்க முடியாததற்கு ஒப்பந்தமே காரணம். கேடிபி வழியாக வெளியிடும் ஒரு நூல், சந்தா கட்டியவர்கள் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் இடம்பெற வேண்டுமானால் அதை கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாட்களுக்கு அதன் மின்வடிவத்தை வேறெங்கும், சொந்தத் தளத்தில்கூட, விற்கக் கூடாது. விலகாவிட்டால் அக்காலம் தானாகவே நீளும். இந்திய வாசகர் வாங்கும் பிரதிக்கு 70 சதவீதம் பெறுவதற்கும் இத்திட்டத்தில் இருப்பது கட்டாயம், இல்லையேல் 35 சதவீதம்தான். அமேசானில் விற்கும் 100 ரூபாய் நூலுக்கு 35 ரூபாயை ஏற்றுக்கொண்டு சொந்தக் கடை திறக்க ஒரு பதிப்பாளருக்கு நிரம்பத் துணிச்சல் வேண்டும். நூறு பேர் நேரடியாக வாங்கத் தயாராக இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தத் துணிச்சல் வரக்கூடும் என நம்புகிறேன். ஆகவே, உங்களுக்குப் பிடித்த பதிப்பகத்திடம் இபப் கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: பூட்டில்லாத கோப்பை நண்பருக்கு அனுப்பினால் தவறா? – வாசகர், மதுரை

தவறுதான். பூட்டைப் போடாமல் தருவது நம்மை நம்பித்தான். உங்கள் கைபேசி, கணினி, கிண்டில் என எத்தனை கருவிகளில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப் குழுவில் மட்டும் போடாதீர்கள். சில பதிப்பகங்கள் வாங்கியவரின் பெயரையோ மின்னஞ்சலையோ கோப்புக்குள் பதித்தே அனுப்புகின்றன. நண்பருக்குப் பரிசளிக்க விரும்பினால், அதற்கான வசதி தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். சிறு பதிப்பகங்களில் அதற்குப் பதில் எழுதுபவர் பெரும்பாலும் பதிப்பாளராகவே இருப்பார்.